ஊரகக் குடிநீர் அறப்பணிகளில் பராமரிப்பின் இடம்: இந்தியா மார்க் 2 அடிபம்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சிற்றூர்களுக்கு ஆழ்துளைக் கிணறு அமைத்துக் கொடுத்தல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய அறப்பணியாகும். இந்தியாவில் இப்பணி 1960களின் வறட்சியை ஒட்டி விரைவு பெற்றது. கிணறுகள் பெருகியபோதும் அவற்றின்மேல் பொருத்தப்பட்ட கைப்பம்புகள் விரைவில் பழுதுற்றமையால் ஊரார்க்குத் தண்ணீர் கிட்டவில்லை. இச்சிக்கலுக்கு விடையாக உருவான இந்தியா மார்க் 2 அடிபம்பின் அமைப்பு, அதனைப் பேணத் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட மூன்றடுக்கு முறை, அப்பம்பு பிற நாடுகளுக்குச் சென்றபோது நேர்ந்தவை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நீர்க்கொடையின் பயன் துளையிடுதலில் அன்று, பேணுதலில் தங்கியுள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆழ்துளைக் கிணறு, அடிபம்பு, இந்தியா மார்க் 2, மூன்றடுக்குப் பராமரிப்பு, புளோரைடு, ஊரகக் குடிநீர்

முன்னுரை

தமிழகக் கல்வெட்டுகளில் நீர்க்கொடை பற்றிய செய்திகள் மிகுதி. ஏரி வெட்டியதையும் கிணறு தோண்டியதையும் வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்ததையும் அவை பதிவுசெய்கின்றன. நீர்நிலையை உண்டாக்கிய செய்தியோடு அதனைப் பேணுவதற்கான ஏற்பாடும் பல இடங்களில் சேர்த்தே எழுதப்பட்டுள்ளமை கருதத்தக்கது. ஏரியின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. கோயில் விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். ஆடு மூப்படையும், இறக்கும்; ஆயினும் அதனைப் பெற்றுக்கொண்டவர் எண்ணிக்கை குறையாமல் காத்து, நெய் அளந்துவர வேண்டும் என்பதே அத்தொடர் சுட்டும் கடப்பாடு.

தற்கால நீர்க்கொடைகள் பெரும்பாலும் வேறு வகையில் கணக்கிடப்படுகின்றன. எத்தனைக் கிணறுகள் தோண்டப்பட்டன, எத்தனை ஊர்கள் பயன்பெற்றன என்பவை ஆண்டறிக்கைகளில் இடம்பெறுகின்றன. தோண்டிய கிணற்றில் ஐந்தாம் ஆண்டிலும் தண்ணீர் வருகிறதா என்னும் கேள்விக்கு அவ்வறிக்கைகளில் இடமிருப்பது அரிது. இவ்வேறுபாட்டின் விளைவு யாதென அறிய இந்திய அடிபம்பின் வரலாறு நல்ல சான்றாகும். அவ்வரலாற்றின் முக்கியமான பகுதிகள் தமிழ்நாட்டில் நிகழ்ந்தவை என்பதும் நம் ஆய்வுலகில் போதிய அளவு பேசப்படவில்லை.

பாறையைத் துளைத்தல்

1966–67ஆம் ஆண்டுகளில் பீகார் முதலிய பகுதிகளில் மழை பொய்த்துத் திறந்த கிணறுகள் வறண்டன. தக்காணத்தின் எரிமலைப்பாறைப் பகுதியிலும் தென்னகத்தின் கருங்கல் பகுதியிலும் கைக்கருவிகளால் ஆழத் தோண்டுதல் எளிதன்று. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தகைய கடினப்பாறையே. இந்நிலையில் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பொறிகளை யுனிசெப் நிறுவனம் இந்தியாவிற்குக் கொண்டுவந்தது. துளையின் அடியிலேயே சம்மட்டி அடிப்பதுபோல் பாறையை நொறுக்கிச் செல்லும் இப்பொறி, மாதக்கணக்கில் வெட்டவேண்டிய ஆழத்தை ஓரிரு நாள்களில் எட்டியது. மராட்டிய மாநிலத்தில் கிறித்தவத் தொண்டு அமைப்புகள் சிலவும் இவ்வகைப் பொறிகளைப் பெற்று ஊர்தோறும் துளையிட்டன.

துளையிடுதல் இவ்வளவு எளிதானதே அடுத்த சிக்கலுக்கு வித்திட்டது. 150 மில்லிமீட்டர் விட்டத்திற்கு உட்பட்ட துளையில் வாளியும் கயிறும் பயன்படா. கிணற்று நீருக்கும் ஊராருக்கும் இடையே ஓர் இயந்திரம் கட்டாயமாயிற்று. திறந்த கிணறு பாழ்பட்டால் ஊரார் இறங்கித் தூர்வாரலாம். துளைக்கிணற்றின் பம்பு முறிந்தால் கீழே தண்ணீர் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

வார்ப்பிரும்புப் பம்பின் குறைபாடு

அக்காலத்தில் கிடைத்த கைப்பம்புகள் ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்கென வடிவமைக்கப்பட்டவற்றின் படிகள். ஒரு குடும்பம் நாளொன்றுக்குச் சில முறை இயக்குவதற்கு அவை போதுமானவை. இந்தியச் சிற்றூரில் ஒரு பம்பை நூற்றுக்கணக்கானோர் விடியல் முதல் இரவுவரை ஓயாமல் அடித்தனர். கைப்பிடியைத் தாங்கிய ஊசிகளும் அவை செருகப்பட்ட துளைகளும் தேய்ந்தன. வார்ப்பிரும்புத் தலை விரிசல் கண்டது. அடிப்பகுதி ஆட்டம் கண்டு கான்கிரீட்டு மேடை பிளந்தது. பிளவு வழியே சிந்திய கழிவுநீர் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கியது. ஆதலால் பம்பின் உறுதியும் நீரின் தூய்மையும் தனித்தனிச் செய்திகள் அல்ல.

1970களின் நடுவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள், நிறுவப்பட்ட கைப்பம்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இயங்கவில்லை எனக் காட்டின. அறப்பணியின் பெயரால் செலவிடப்பட்ட தொகையின் பெரும்பகுதி மண்ணுக்குள் பயனின்றிக் கிடந்தது என்பதே இதன் பொருள். துளையிடுதலை நிறுத்திவிடலாமா என்னும் எண்ணம் உதவி நிறுவனங்களிடையே எழுந்ததில் வியப்பில்லை.

சோலாப்பூரிலிருந்து மார்க் 2 வரை

விடை அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களிலிருந்து வரவில்லை. மராட்டிய மாநிலத்தின் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் துளையிட்டுவந்த தொண்டு அமைப்பினர், தாம் அமைத்த பம்புகளைத் தாமே பழுதுபார்க்க நேர்ந்தமையால் அவற்றை மாற்றியமைக்கத் தொடங்கினர். வார்ப்பிரும்பைக் கைவிட்டு எஃகுத் தகட்டைப் பற்றவைத்துத் தலைப்பகுதியைச் செய்தனர். பல ஊசிகளுக்கு மாற்றாக ஒரே சுழல்புள்ளி அமைந்தது. இவற்றுள் சோலாப்பூர் பம்பே மிகுந்த உறுதியுடையதாக விளங்கியது. அதன் உருவாக்கத்தைச் சில நூல்கள் மறைப்பணியாளர்க்கு உரியதாக்குகின்றன; வேறு சில, தானே தொழில் கற்ற இந்தியப் பணியாளர் ஒருவரைப் பெயர் சுட்டாமல் குறிப்பிடுகின்றன. வடிவமைப்பின் நுட்பத்தை நோக்க, பட்டறையில் நாள்தோறும் தேய்ந்த உறுப்புகளைக் கையாண்டவரின் அறிவு அதில் இருப்பது தெளிவு. அவர் பெயர் நிலைபெறாமல் நிறுவனங்களின் பெயர் மட்டும் நிலைபெற்றிருப்பது தொழில்நுட்ப வரலாற்றில் புதிதன்று.

சோலாப்பூர் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, இந்திய அரசு, யுனிசெப், உலக நலவாழ்வு நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் இந்தியா மார்க் 2 உருவாயிற்று. சென்னையில் இயங்கிய ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் நிறுவனம் அதனை உற்பத்திக்குரியதாக்கியது. நீர்மட்டம் ஆழ்ந்த கோவை வட்டாரக் கிணறுகளில் முன்மாதிரிகள் பொருத்தப்பட்டுக் கடும் பயன்பாட்டில் சோதிக்கப்பட்டன.

இதன் செயல்முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பழைய பம்பில் கைப்பிடியின் முன்முனை வில்போல் வளைந்து மேலேறும். ஆனால் கிணற்றுக்குள் இறங்கும் தண்டு நேராக ஏறவேண்டும். இவ்விரு இயக்கங்களின் முரண்பாடு ஒவ்வோர் அடியிலும் இணைப்புகளைப் பக்கவாட்டில் இழுத்துத் தேய்த்தது. மார்க் 2இல் கைப்பிடியின் முனையில் வட்டத்தின் கால்பகுதி போன்ற ஒரு தகடு உள்ளது. அதன்மேல் படிந்து தொங்கும் சங்கிலி தண்டினை எந்நிலையிலும் செங்குத்தாகவே இழுக்கிறது. கைப்பிடி மூடப்பட்ட இரு பந்துத் தாங்கிகளில் சுழல்வதால் அடிக்கடி எண்ணெய் இடவேண்டியதில்லை. கைப்பிடியின் கனத்த இரும்புக் கம்பி தண்டுகளின் எடைக்கு எதிரெடையாக நிற்பதால் சிறுவரும் அடிக்க முடிகிறது. பம்பின் பீடம் கிணற்றின் உறைக்குழாயோடு பிணைக்கப்படாமல், அதனைச் சூழ்ந்து கான்கிரீட்டில் பதிக்கப்படுகிறது. இதனால் ஆட்டம் குறைந்து, கழிவுநீர் உட்புகும் வழியும் அடைபடுகிறது.

இவ்வமைப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. சங்கிலி இழுக்கும், தள்ளாது. பிஸ்டன் கீழிறங்குவது தண்டுகளின் எடையால் மட்டுமே. எனவே ஆழம் மிகுந்த கிணற்றில் நன்கு இயங்கும் இப்பம்பு, ஆழம் குறைந்த கிணற்றில் தண்டின் எடை போதாமல் சங்கிலி தொய்ந்து தடுமாறும். ஏறத்தாழ 50 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலோ அடிப்பவர்க்குச் சுமை மிகும்.

மார்க் 2 எவருடைய காப்புரிமைக்கும் உட்படவில்லை. 1979இல் இந்தியத் தர நிறுவனம் இதற்கு ஐ.எஸ். 9301 என்னும் தரக்குறிப்பை வெளியிட்டது. எந்தப் பட்டறை செய்த உறுப்பும் மற்றொரு பட்டறையின் பம்பில் பொருந்தும் நிலை உருவாயிற்று. ஒன்றிய அலுவலகக் கிடங்கில் ஒரே வகை வாசரையும் ஒரே வகைச் சங்கிலியையும் வைத்திருந்தால் போதும் என்பதன் அருமை, பல நாட்டுக் கொடையாளர்கள் பலவகைப் பம்புகளைக் கொண்டுவந்து இறக்கிய நாடுகளோடு ஒப்பிடும்போதே விளங்கும்.

மூன்றடுக்குப் பராமரிப்பு

உறுதியான பம்பும் ஒருநாள் பழுதாகும். 1971இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பணிச்சூழலில், 1970களின் பிற்பகுதியில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை வடிவம் பெற்றது. முதல் அடுக்கில் ஊரிலேயே ஒரு பம்புக் காப்பாளர். அவர் தளர்ந்த மரைகளை இறுக்குவார், சங்கிலிக்கு மசகு இடுவார், மேடையைச் சுற்றித் தூய்மையாக வைத்திருக்கச் செய்வார். தம்மால் இயலாத பழுதை முன்னரே முகவரியிட்டுக் கொடுக்கப்பட்ட அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார். இரண்டாம் அடுக்கில் ஏறத்தாழ 100 பம்புகளுக்கு ஒருவராக ஒன்றியப் பழுதுநீக்குநர். மூன்றாம் அடுக்கில், நிலத்தடி உறுப்புகளை வெளியே எடுக்கும் கருவிகளுடன் வண்டியில் செல்லும் மாவட்டக் குழு.

இம்முறை பின்னர்ப் பிற மாநிலங்களுக்கும் சென்றது. அறப்பணி வரலாற்றில் அந்த அஞ்சலட்டைக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்றே கூறவேண்டும். ‘பம்பு ஓடவில்லை’ என்னும் செய்தி ஊரிலிருந்து அலுவலகத்தை அடைய வழியில்லாதபோது வேறெந்த ஏற்பாடும் பயன்தராது.

முறையின் வலுக்குறைவு மூன்றாம் அடுக்கில் இருந்தது. கிணற்றின் அடியிலுள்ள உருளைக்குள் தோல் வாசர் தேய்ந்தால், மேலே உள்ள குழாய்கள் அனைத்தையும் கழற்றித் தூக்கவேண்டும். 40 மீட்டர் ஆழமெனில் 3 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்கள் பதின்மூன்றுக்கு மேல். சில ரூபாய் விலையுள்ள ஒரு வாசருக்காக வண்டியும் எரிபொருளும் நான்கைந்து ஆள்களும் வரும்வரை ஊரார் காத்திருந்தனர். வண்டி பழுதானாலோ எரிபொருளுக்கு நிதி வராவிட்டாலோ காத்திருப்பு வாரக்கணக்கில் நீண்டது. இராசத்தானின் திலோனியாவில் இயங்கும் சமூகப் பணி ஆய்வு மையம் இவ்வடுக்குமுறையையே மறுத்து, ஊர் இளைஞர்க்குப் பயிற்சியளித்து, கையாளக்கூடிய எண்ணிக்கையில் பம்புகளை அவர்களிடமே ஒப்படைக்கும் ஓரடுக்கு முறையை முன்வைத்தது. இரண்டில் எது சிறந்தது என்னும் விவாதம் அக்காலத்தில் கடுமையாக நிகழ்ந்தது. எந்த முறையிலும் பணிசெய்பவர்க்கு ஊதியம் தவறாது கிடைத்தால்தான் பம்பு ஓடியது என்பது இவ்விவாதத்தில் ஓரளவு மறைந்துபோயிற்று.

1980களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் இணைந்து நடத்திய கைப்பம்புத் திட்டத்தின் களச் சோதனைக்கு மீண்டும் கோவை வட்டாரமே களமாயிற்று. தோலுக்கு மாற்றாக நைட்ரைல் இரப்பர் வாசர்கள் பயன்படுத்தப்பட்டு, பழுதின் இடைவெளி பெரிதும் நீண்டது. 32 மில்லிமீட்டர் குழாய்க்கு மாற்றாக 65 மில்லிமீட்டர் குழாய் அமைத்து, குழாயைக் கழற்றாமல் பிஸ்டனை மட்டும் மேலே இழுத்தெடுக்கும் மார்க் 3 இச்சோதனையின் பயனாகும். பெரிய குழாயின் விலையும் எடையும் மிகுதியானதால் அது மார்க் 2 அளவுக்குப் பரவவில்லை.

நீரின் தூய்மை

அடிபம்பு நோய் தடுத்ததற்குத் தெளிவான சான்று நரம்புச் சிலந்தி நோயின் ஒழிப்பு. படிக்கிணற்றில் இறங்கி நீர் முகப்போரின் காலிலிருந்து புழுவின் இளவுயிரிகள் நீரில் கலந்து, நுண்ணிய நீருயிரிகள் வழியே குடிப்போர் உடலை அடையும். மூடிய துளைக்கிணறு இச்சுழற்சியை அறுத்தது. நீர்வடிகட்டலும் நோயாளரைக் கண்டறிதலும் உடன்சேர, 1996இல் இந்தியாவின் கடைசி நோயாளர் பதிவானார். 2000இல் நாடு நோயற்றதாக அறிவிக்கப்பட்டது.

ஆயின் கிருமியின்மை மட்டுமே தூய்மை எனக் கொண்டது பெரும் பிழையாயிற்று. கருங்கல் பிளவுகளில் நெடுங்காலம் தங்கிய நீரில் புளோரைடு கரைந்திருக்கும். பல்லில் கறை, எலும்பு இறுகி வளைதல் ஆகியவை இதனால் விளைவன. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்தமை 1937இலேயே மருத்துவ இதழில் வெளியிடப்பட்டுவிட்டது. துளைப்பொறிகள் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே அறிவு இருந்தும், துளையிடும் திட்டங்களில் புளோரைடுச் சோதனை கட்டாயமாக நெடுங்காலம் ஆயிற்று. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் இறுதியில் காவிரி நீரைக் குழாய்வழிக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தீர்வாயிற்று. அது 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. வங்காளதேசத்தில் நேர்ந்தது இதனினும் கொடிது. வயிற்றுப்போக்கால் இறக்கும் குழந்தைகளைக் காக்கவென இலட்சக்கணக்கில் பெருகிய குழாய்க்கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது 1993இல் அந்நாட்டில் கண்டறியப்பட்டபோது, கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் அந்நீரைக் குடித்திருந்தனர்.

பம்பு நிற்கும் இடம்

துளையிடும் இடத்தை நிலத்தியல் மட்டும் முடிவுசெய்வதில்லை. பொதுநீரைத் தொடும் உரிமைக்காக 1927 மார்ச் 20 அன்று மகாடு சவதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீரருந்த வேண்டியிருந்த நாடு இது. அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு கிணறுகளைப் பயன்படுத்துவதில் சாதிவழித் தடையை விலக்குகிறது. எனினும் ஊர்த்தெருவில் பம்பு அமைந்தால் சேரி மக்கள் வரிசையில் பின்தள்ளப்படுவதும், சேரியில் அமைந்தால் ஊரார் அதனைத் தொட மறுப்பதும் களத்தில் பணியாற்றியோர் அறிந்தவை. இரண்டு இடங்களிலும் தனித்தனியே அமைத்துக் கொடுத்துப் பல திட்டங்கள் பூசலைத் தவிர்த்தன. சேரிப் பெண்களின் நடை குறைந்தது மெய்யான நன்மை. பிரிவினைக்குக் கான்கிரீட்டு மேடை கட்டித் தந்ததும் அதே திட்டம்தான். காப்பாளர் தேர்விலும் இத்தகைய முரண் இருந்தது. நீரெடுப்போர் பெண்கள், தொடக்கத்தில் பயிற்சி பெற்றோர் பெரும்பாலும் ஆண்கள்.

கடல் கடந்த பம்பு

1981–1990 பன்னாட்டுக் குடிநீர்ப் பத்தாண்டாக அறிவிக்கப்பட்டபின், மார்க் 2 ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிற்குச் சென்றது. பம்பு சென்றது, தரக்குறிப்பின்படி உறுப்புகள் செய்யும் பட்டறைகளும் ஒன்றியக் கிடங்கும் உடன்செல்லவில்லை. கொடையாளரின் திட்டக்காலம் முடிந்ததும் பம்பு ஊர்க்குழுவின் பொறுப்பாயிற்று. நூறு கிலோமீட்டர் அப்பாலுள்ள நகரில் மட்டுமே கிடைக்கும் உறுப்புக்கு ஊர்க்குழு பணம் திரட்டினாலும் அதனை வாங்கிவர எவரும் இல்லை.

நீரின் வேதியியலும் இடராயிற்று. மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை உடையது. கார அமிலக் குறியீடு 6.5க்குக் கீழ் இருக்கும் நீரில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் விரைந்து அரிக்கப்படும். தண்ணீர் செந்நிறமாகிச் சோற்றிலும் துணியிலும் கறை படியவே, பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பினர். துருப்பிடிக்காத எஃகையோ நெகிழிக் குழாயையோ பயன்படுத்தியிருந்தால் இது தவிர்ந்திருக்கும். ஆனால் ஒரு கிணற்றின் செலவு கூடி, அறிக்கையில் காட்டும் கிணறுகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளின் கைப்பம்புகளில் 36 விழுக்காடு இயங்கவில்லை என ஊரக நீர்வழங்கல் வலையமைப்பு 2009இல் மதிப்பிட்டது. பழுதைக் கவனியாத ஊரார்மீது குறைகூறும் போக்கு திட்ட மதிப்பீடுகளில் அடிக்கடி காணப்படுகிறது. நகரவாசி எவரும் தம் தெருவின் குடிநீர்க் குழாயைத் தாமே பழுதுபார்ப்பதில்லை என்பதை நினைத்தால் அக்குறைகூறலின் தகுதியின்மை புலனாகும்.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் வேளாண்மைக்கான மின்மோட்டார்கள் பெருகி நீர்மட்டம் கீழிறங்கியதால், பல அடிபம்புகள் தம் எட்டுந்தொலைவுக்கு அப்பால் நீர் சென்றுவிட ஓய்ந்தன. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் தெருக்குழாயும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் வீடுதோறும் குழாய் அமைத்து ஒருவர்க்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வழங்குவதை இலக்காகக் கொண்டுள்ளது. அடிபம்புக் காலத்து அளவு 250 பேருக்கு ஒரு பம்பு, ஒருவர்க்கு 40 லிட்டர். ஒப்புநோக்கின் இது வளர்ச்சியே. எனினும் தொட்டி நிரம்ப மின்சாரம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது மின்மோட்டாரை நம்பிய குடிநீர் வழங்கல் நின்றது; மின்னாக்கிகளைக் கொண்டு தொட்டிகளை நிரப்ப வேண்டியதாயிற்று. அத்தகைய நாள்களில் மின்சாரமின்றி ஆழத்து நீரை மேலே கொணரவல்லது அடிபம்பு ஒன்றே. அதற்கு நீர்மட்டம் எட்டும் ஊர்களிலேனும் கைப்பிடி கழற்றப்படாமல் இருத்தல் வேண்டும். ஒன்றியக் கிடங்கில் வாசர் இருத்தல் வேண்டும். அதனை மாற்றத் தெரிந்த பழுதுநீக்குநரின் பணியிடம் நிரப்பப்பட்டிருத்தல் வேண்டும்.